பத்து வெள்ளி வில்லைகளும் ஓர் இரும்புத் துண்டும்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் போதும், "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்துவிடுவோம். போன வாரம் என் பேரன் கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து ஒரு வெள்ளி வில்லை வாங்கிவந்து காட்டினான். நானும் ஆரம்பித்தேன். அவன் காதில் ஏற்கெனவே எதையோ மாட்டியிருந்ததால் தப்பித்துக்கொண்டான். நீங்கள் தப்ப முடியாது, உட்காருங்கள்.

அவன் வாங்கிவந்த வில்லை கெட்டியான பிளாஸ்டிக் அட்டைக்குள் இருந்தது. பின்னால் சான்றிதழ். அட்டையைப் பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம். தொட முடியாத வெள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டு வில்லைகளை நான் தொட்டிருக்கிறேன், தரையில் சுழற்றிவிட்டிருக்கிறேன், யாரும் பார்க்காதபோது நாக்கில் வைத்தும் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை ஒளித்தும் வைத்தேன். அந்த ஐப்பசி மாதத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

நாங்கள் கல்கத்தாவில், பவானிபூரில் டிராம் போகும் தெருவுக்கு ஒரு சந்து உள்ளே, மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுக ஆபீசில் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்த ஊரில் யாருக்கும் தன்தேரஸ் என்றால் என்னவென்று தெரியாது. தீபாவளிக்கு முன்னால் வரும் அந்த நாளில் ஒரு பொட்டு வெள்ளியாவது வாங்க வேண்டும் என்பதை அப்பா பவானிபூர் குஜராத்திக் கடைக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் ஒரு தோலா எடையில் வட்டமாக ஒரு வில்லை வாங்கினார். ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் வெறும் ஓம். ராஜா தலையும் இல்லை, மதிப்பு எண்ணும் இல்லை, கடையில் கொடுத்து ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாது. அதன் பிறகு வருடம் தவறாமல் அதே கடையில், அதே அச்சில், ஒன்று.

எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் எது எந்த வருடத்தது என்று தெரியாது அல்லவா? அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். ஆபீசில் வீணாகும் மஞ்சள் படிவத்தைச் சின்னதாகக் கிழித்து, அந்த வருடத்தைப் பற்றி இரண்டு மூன்று வரி எழுதி, அதில் வில்லையை மடித்து வைப்பார். மொத்தமும் துறைமுகத்துக்குத் தேயிலை சாம்பிள் வரும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியைத் திறந்தால் வெள்ளிக்கு முன்னால் டார்ஜிலிங் வாசனைதான் வரும். தன்தேரஸ் அன்று விளக்கேற்றியதும் அப்பா ஒவ்வொரு தாளாகப் பிரித்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். வங்காளிப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத் தமிழ் எழுத்து பழகியதே அந்தத் தாள்களில்தான்.

முதல் தாளில், "வீடு கிடைத்தது. இவளுக்கு மீன் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை" என்றிருக்கும். இரண்டாவது என்னுடையது. "பெண் பிறந்தாள். முதல் டிராம் பிடித்து வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை." ஒரு தாளில், "முழங்கால் வரை மழைத் தண்ணீர். பாப்பாவைத் தோளில் வைத்து ஆபீஸ் வரை போய்த் திரும்பினோம்" என்று இருக்கும். பேச்சில் அப்பா மிகவும் சிக்கனம். கேட்டதற்கெல்லாம் "ம், பார்ப்போம்" என்பதுதான் பதில். எங்களைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று வருடத்துக்கு ஒரு தடவை, அந்தப் பெட்டி திறக்கும்போதுதான் தெரியும்.

அம்மாவுக்கு வேறு கணக்கு இருந்தது.

"பத்தாவது வரட்டும். எல்லாத்தையும் பட்டறையில கொடுத்து ஒரு வெளக்கா அடிச்சிருவோம். பெட்டிக்குள்ள கெடந்து என்னத்துக்கு?" என்று அந்த வருடக் கொலு அடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"ம், பாப்போம்" என்றார் அப்பா.

அப்பா "பாப்போம்" என்றால் அம்மாவுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அந்தத் தன்தேரஸுக்கு வருவது பத்தாவது வில்லை.

இப்போது யோசித்தால் அம்மாமேல் தப்பே இல்லை. இரண்டு நாள் ரயிலில் வந்து, பாஷை தெரியாத ஊரில் பத்து வருடம் குடித்தனம் நடத்தியவள். தினமும் ஏற்றும்படி, எந்த ஊருக்கு மாற்றினாலும் கையோடு கொண்டுபோகும்படி ஒரு வெள்ளி விளக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆனால் எட்டு வயதில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வில்லைகளை உருக்கிவிட்டால் அப்பாவுடைய தாள்களுக்கு வேலை இருக்காது. நான் பிறந்த வருடமும் அம்மாவுக்கு மீன் வாசனை ஒத்துக்கொள்ளாத வருடமும் ஒரே குழம்பாகக் கலந்துபோகும். இதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அம்மா வயிற்றில் பூச்சி என்று விளக்கெண்ணெய் கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் அப்போது இன்னொருவரும் இருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. ஊரில் படிப்பு ஏறவில்லை என்று சித்திரையில் இங்கே அனுப்பிவைத்திருந்தார்கள். ஹவுராவில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்புத் தகட்டில் துளை போடும் வேலை. தினமும் ஆற்றைப் படகில் தாண்டிப் போய், சட்டையெல்லாம் கிரீஸோடு திரும்புவார். சினிமா பார்ப்பார், சீட்டி அடிப்பார், அம்மா காயப்போட்ட வடகத்தை எடுத்துத் தின்பார். வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவர் பெயர்தான் அடிபடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். காரணம், துளை போடும்போது தகட்டிலிருந்து விழும் வட்டத் துண்டுகள். நல்ல வழவழப்பானதாகப் பார்த்துப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்.

"ஏட்டி பாப்பா, கைய நீட்டு. இது ஒஞ் சம்பளம்" என்று வைப்பார்.

மாடிப்படியில் உட்கார்ந்து அவற்றை வைத்து நானும் அவரும் கடை விளையாட்டு விளையாடுவோம். அளவிலும் கனத்திலும் அவை அப்பாவின் வெள்ளி வில்லைகளைப் போலவே இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம்.

கொலு முடிந்ததும் அம்மா வில்லைகளைப் புளி போட்டுக் கழுவி, திருநீற்றால் தேய்த்து முற்றத்தில் காயவைத்தாள். துடைத்து அதனதன் தாளில் மடிப்பது என் வேலை. எட்டை ஒழுங்காக மடித்தேன். என் பிறந்த வருடத் தாளில் மட்டும் சித்தப்பாவின் இரும்புத் துண்டை வைத்து மடித்தேன். வெள்ளி வில்லை என் பாவாடை முடிச்சில் போயிற்று. தாளுக்குள் கனம் இருந்தால் தன்தேரஸ் அன்றும் யாருக்கும் தெரியாது; பட்டறைக்குப் போனால் வெள்ளி பத்து சேராது, விளக்கும் கிடையாது. தீபாவளி கடந்ததும் திரும்ப வைத்துவிடலாம், அதற்குள் அம்மாவின் ஆசை ஆறிவிடும் என்பது என் திட்டம். என் பெயரில் உள்ளதைத்தானே எடுத்தேன், அது திருட்டாகாது என்று வேறு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கே ஒளிப்பது? இரண்டு அறை வீட்டில் அம்மா கை படாத இடம் கிடையாது. அதற்கு வழி செய்தது கீழ்வீட்டு மாசிமா வீட்டு லட்சுமி பூஜை.

மாசிமா என்றால் வங்காளத்தில் சித்தி; அந்த வங்காளி அம்மாவுக்குக் குழந்தை இல்லை. நான் பாதி நேரம் அங்கேதான் கிடப்பேன். துர்கா பூஜை முடிந்து வரும் பௌர்ணமியில் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து பூஜை அறை வரை அரிசிமாவால் லட்சுமியின் சின்னச் சின்னப் பாதங்கள் வரைவார். நானும் அவர் பக்கத்தில் குந்தி விரல்களுக்குப் புள்ளி வைப்பேன். வீடெல்லாம் வெல்லமும் தேங்காயும் கிளறும் வாசனை. பூஜையில் ஒரு பிரம்புக் கூடை வைப்பார்கள், மூடியோடு, குங்குமம் ஏறிச் சிவந்துபோனது. உள்ளே நெல், சோழி, பழைய வெள்ளிக்காசு. வருடம் முழுக்க அது அங்கேயே இருக்கும். இதைவிடப் பத்திரமான இடம் கல்கத்தாவிலேயே கிடையாது என்று எனக்குப் பட்டது. மாசிமா சங்கு ஊதக் கண்ணை மூடிய சமயம் கூடைக்குள் கையை விட்டு, நெல்லுக்கு அடியில் வில்லையைச் செருகினேன்.

அன்று பூஜையில் சாப்பிட்ட பிரசாதக் கிச்சடி மாதிரி எதுவும் பிறகு ருசித்ததில்லை. மனது அவ்வளவு லேசாக இருந்தது.

தன்தேரஸ் வந்தது. அப்பா பத்தாவது வில்லையோடு வந்தார். அம்மா விளக்கேற்றினாள். சித்தப்பாவும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்பா முதல் தாளைப் பிரித்து வாசித்தார், மீன் வாசனைக்கு எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவதைப் பிரித்தார். தாளைப் பிரித்து வாசிப்பார், வில்லையைப் பார்க்க மாட்டார் என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் அன்று ஒவ்வொன்றையும் அம்மா வாங்கி விளக்குக்கு முன்னால் அடுக்கினாள். அவள் கைக்கு இரும்பு வந்து சேர்ந்தது.

அப்பா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க உள்ளதுடே?"

"எங்க பட்டறை பிரஸ்ல விழுதது அண்ணே" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். அதில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

"ஆறு மாசமா சோறு போட்டதுக்குக் கெடச்ச மரியாதையப் பாத்தியளா" என்றாள் அம்மா. "அதுவும் எதை? பிள்ளை பேருல உள்ளதை."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சித்தப்பா இல்லை என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தீவாளிக்குள்ள கொண்டாந்து வச்சிருதேன் மதினி" என்றார். அவ்வளவுதான். அப்பா பெட்டியை மூடினார். மற்ற தாள்களை அந்த வருடம் வாசிக்கவில்லை.

காலையில் எழுந்தபோது சித்தப்பாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. அன்று முழுக்க அவர் வரவில்லை. மறுநாள் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், புதுத்துணி உடுத்தினோம். அப்பா வாங்கிவைத்திருந்த அவருடைய சட்டை மஞ்சள் தடவியபடி பலகைமேல் கிடந்தது. அம்மா நாலு தட்டை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மத்தியானம் சித்தப்பா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நிலையில் நின்றுகொண்டு ஒரு புது வெள்ளி வில்லையை நீட்டினார். அதே கடை, அதே லட்சுமி. பூஜா போனஸில் பூட்ஸ் வாங்கப்போவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலில் இருந்தது பழைய டயர்ச் செருப்புதான்.

அம்மா வாங்கிக்கொண்டாள். "இப்பமாவது புத்தி வந்துதே" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அதை என்னால் தாங்க முடியவில்லை. படியில் இறங்கி ஓடினேன். மாசிமாவின் பூஜை அறைக்குள் நுழைந்து கூடையைத் திறந்து முழங்கை வரை கையை விட்டேன். நெல் தரையெல்லாம் சிந்தியது. மாசிமா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

மாசிமா பேசியது வங்காளம், நான் தமிழில் சொல்கிறேன். "கூடைக்குள் போனது லட்சுமிக்குச் சொந்தம். நீயும் எடுக்கக் கூடாது, நானும் எடுக்கக் கூடாது. எடுத்தால் வீட்டை விட்டு லட்சுமி எழுந்து போய்விடுவாள்." எனக்கு உயிரே போயிற்று. அவர் சிந்திய நெல்லை ஒரு மணி விடாமல் பொறுக்கி உள்ளே போட்டு மூடினார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "அதை எடுக்கத்தான் முடியாது. மாடிக்கு வந்து வாயைத் திறக்க என்னால் முடியும், வா."

மாசிமாவுக்கு முழங்கால் வலி. பதினெட்டுப் படியும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வாசலில் நின்று, மூச்சு வாங்க, அப்பாவிடம் சொன்னார்: "உங்கள் தம்பி எடுக்கவில்லை. பாப்பா எடுத்து என் லட்சுமி கூடையில் போட்டிருக்கிறாள். விளக்கு செய்யக் கூடாதாம். நீங்கள் எழுதிய தாள்களை அவளுக்கு அவ்வளவு பிடிக்குமாம்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் அப்பா அடுக்களைக்குள் போய்க்கொண்டிருந்தார். அம்மா திரும்ப வைத்த அந்தத் தட்டை எடுத்துவந்து சித்தப்பாவுக்கு முன்னால் போட்டார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். அப்பா யாருக்கும் பரிமாறி நான் பார்த்ததில்லை, ஊற்றிய குழம்பில் பாதி தரையில் போயிற்று.

"சாப்பிடுடே" என்றார்.

சித்தப்பா சாப்பிட்டார். அம்மா சுவரில் சாய்ந்து நின்று, "தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றாள். ஆறு மாதத்தில் அன்றுதான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டாள்.

"எம்மேல ஏற்கெனவே ஏழெட்டுப் புகார் இருக்கு மதினி. இதுவும் சேந்து கெடக்கட்டும்னு விட்டுட்டேன். சின்னப்பிள்ளைக்கு முதல் புகாரு, தாங்காதுல்லா" என்றார் வாயில் சோற்றோடு.

மாசிமாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சிரித்தார். பெண் பெயரில் உள்ள வெள்ளி இன்னொரு வீட்டில் இருக்கிறதே என்று அம்மாவுக்குத்தான் கொஞ்சம் கவலை. தனக்குத் தெரிந்த உடைந்த வங்காளத்தில் அதைக் கேட்டாள். "பெண்ணே பாதி நாள் என் வீட்டில்தானே இருக்கிறாள், கூடவே அதுவும் இருக்கட்டும்" என்று மாசிமா சொல்ல, பிரச்சினை தீர்ந்தது.

உண்மையில் எனக்குத் தீரவில்லை. எண்ணிப் பாருங்கள். ஒன்பதில் ஒன்று போய் எட்டு, அப்பா வாங்கியது ஒன்று, சித்தப்பா கொடுத்தது ஒன்று. பத்து சேர்ந்துவிட்டது. அம்மா நினைத்தால் மறுநாளே பட்டறைக்குப் போகலாம். நான் அவ்வளவு பாடுபட்டது மொத்தமும் வீண்.

சாயங்காலம் அப்பா இரண்டு மஞ்சள் தாள் கிழித்து எழுதினார். சித்தப்பாவின் வில்லைக்கான தாளை எழுத ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அம்மா பின்னால் நின்று அதை வாசித்தாள். வாசித்துவிட்டு வில்லையைத் தானே மடித்தாள், பத்தையும் பெட்டிக்குள் வைத்தாள். "வெளக்கு கெடக்கட்டும், பித்தளை வெளக்கே நல்லாத்தான் எரியுது" என்றாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அந்தத் தாளில் இருந்தது அடுத்த தன்தேரஸில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. சித்தப்பாவை எதிரில் உட்காரவைத்து அப்பா சத்தமாக வாசித்தார். "இது தம்பி கொடுத்தது. அவன் எடுக்காததற்காகக் கொடுத்தது. நான் அவனைக் கேட்கவே இல்லை."

"அத விடுங்கண்ணே" என்று சித்தப்பா நெளிந்தார். அப்பா விடவில்லை. வருடா வருடம், கண் தெரிந்த வரை, ஒரு வார்த்தை குறைக்காமல் அதை வாசித்தார். தம்பியிடம் நேரில் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவர் கேட்ட விதம் அதுதான் என்று எனக்குப் புரியக் கல்யாணமாகிப் பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

இப்போது பெட்டி என்னிடம் இருக்கிறது. உள்ளே வில்லைகள் எழுபதைத் தாண்டிவிட்டன. அப்பா அம்மா இல்லை. மாசிமாவும் இல்லை. அவர் கூடை தங்கை மகளிடம் இருக்கிறது. பூஜைக்குக் கூப்பிடுவாள், போவேன். என் வில்லையை அப்புறம் நான் பார்த்ததே இல்லை. கூடையை நகர்த்தும்போது நெல்லுக்குள் ஏதோ ஒன்று சோழியில் இடிக்கும் சத்தம் கேட்கும். எனக்கு அது போதும்.

சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னும் ஹவுராவில்தான் இருக்கிறார். தன்தேரஸுக்கு யாராவது கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த வருடமும் வந்தார். நான் வாசித்தேன். மீன் வாசனைக்கு எல்லாரும் சிரித்தோம். என் தாளைப் பிரித்தேன். உள்ளே அதே இரும்புத் துண்டுதான், துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் பதிந்திருக்கிறது. வழக்கம்போலச் சித்தப்பா அதை வாங்கி, தேங்காயெண்ணெய் தொட்டு வேட்டி நுனியால் தேய்க்க ஆரம்பித்தார்.

என் பேரன் தன்னுடைய பிளாஸ்டிக் அட்டை வில்லையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டான். பாதி வங்காளம், பாதி தமிழ்; இரும்பை லோஹா என்பான். "தாத்தா, அது வெறும் லோஹா. அதை ஏன் இத்தனை வருஷம் வச்சிருக்கீங்க?"

சித்தப்பா துண்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தாளுக்குள் வைத்து, மடித்து, என் கையில் கொடுத்தார்.

"மத்ததெல்லாம் கடையில வாங்குனதுடே" என்றார். "இது ஒண்ணுதான் நான் அடிச்சது."